பாட்டும் பட்டியலும்

திருமண வைபவங்களிலும் இசை விருந்துகளிலும் ஒருவர் சிறியதொரு கணினியை முன்னே வைத்துக்கொண்டு, ஒரு பாட்டு முடியுமுன்பே மற்றொன்றை அதனோடு இழையவிட்டு, தாளம் அறாமல் மணிக்கணக்காக இசை வழங்குவதைக் கண்டிருப்பீர்கள். டீஜே என்று யாவரும் அழைக்கும் அக்கலைஞரின் பெயர் 'டிஸ்க் ஜாக்கி', அஃதாவது இசைத்தட்டு இயக்குபவர், என்பதன் சுருக்கமாகும். அவர்களிற் பெரும்பாலாரிடம் தட்டின் இடத்தைக் கணினிக் கோப்பு பிடித்துக்கொண்டது. பெயர் மட்டும் நிலைத்திருக்கின்றது.

தட்டுகளை வைத்திருந்தவர் தமது சேகரத்தைக் கண்ணாற் கண்டார், கையாற் புரட்டினார். கோப்புகளை வைத்திருப்பவருக்கு அவ்வசதி இல்லை. பத்தாயிரம் பாட்டுகள் உள்ளங்கையில் அடங்கும் ஒரு வன்தட்டினுள் கிடக்கின்றன. அவற்றுள் வேண்டியதை வேண்டிய கணத்தில் எடுத்துத் தருவன செராட்டோ, ட்ராக்டர், ரெக்கார்ட்பாக்ஸ் முதலிய மென்பொருள்களாம். இவற்றைக் கையாள்வோர் சிலர், அடிப்படையான ஓர் உண்மையை அறியாமையினால், பல ஆண்டுகளின் உழைப்பை ஒரே மாலையில் இழந்துவிடுகின்றனர். அவ்வுண்மை யாது என்பதைப் பார்ப்போம்.

ஒரு பெரிய நூல்நிலையத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அங்கே நூல்கள் இறாக்கைகளில் உள்ளன. அவற்றின் விவரங்களோ வேறொரு பெட்டியில் அட்டைகளாக அடுக்கப்பட்டுள்ளன. 'இன்ன நூல், இன்ன அறை, இன்ன தட்டு' என்று அட்டை கூறும். யாரோ ஒருவர் நூல்களையெல்லாம் வேறோர் அறைக்கு மாற்றிவிட்டு, அட்டைகளைத் திருத்தாது விட்டால் என்னவாகும்? நூல் கட்டடத்தினுள்ளேயே இருக்கும். ஆயினும் தேடுபவருக்கு அது இல்லாததே.

டீஜே மென்பொருளும் இத்தகைய அட்டைப் பெட்டிதான். பாட்டு அதனுள் இல்லை. பாட்டு எந்தக் கோப்புறையில் உள்ளது என்ற முகவரியே அதனுள் இருக்கின்றது. கோப்பை வேறிடத்துக்கு நகர்த்தினாலோ, அதன் பெயரை மாற்றினாலோ, முகவரி பொய்த்துவிடும். காணாமற்போன கோப்புகளைத் தேடி மீண்டும் இணைக்கும் வசதி இம்மென்பொருள்களில் உண்டு. அதனை அறியாதவர், பட்டியலை அழித்துப் பாட்டுகளைப் புதிதாகச் சேர்க்கத் தொடங்குகின்றார். இழப்பு அங்கேதான் நேர்கின்றது.

ஏனெனில், அட்டையில் முகவரி மட்டுமா இருந்தது? ஒவ்வொரு பாட்டையும் பலமுறை கேட்டு, பல்லவி தொடங்கும் இடம், வாத்தியங்கள் ஓயும் இடம், அடுத்த பாட்டை நுழைக்கத்தக்க இடம் என்று கலைஞர் இட்டுவைத்த அடையாளங்கள் இருந்தன. தாளத்தின் ஒவ்வொரு தட்டும் எங்கே விழுகின்றது என்று காட்டும் தாளக் கட்டம் இருந்தது. எந்தப் பாட்டின் பின் எது பொருந்தும் என்று அவர் வகுத்த வரிசை இருந்தது. பாட்டை மீண்டும் வாங்கலாம். இவற்றை எக்கடையிலும் வாங்க முடியாது.

இக்குறிப்புகளைச் சேமிக்கும் முறை மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். ட்ராக்டர், 'கலெக்ஷன்' எனப்படும் ஒரே பட்டியற் கோப்பில் அவற்றைத் திரட்டி வைக்கின்றது. ரெக்கார்ட்பாக்ஸ் தனது தரவுத்தளத்தில் வைக்கின்றது. செராட்டோவோ அடையாளங்களைப் பெரும்பாலும் பாட்டுக் கோப்பினுள்ளேயே எழுதிவிட்டு, வரிசைகளை மட்டும் தன் பெயர் கொண்ட தனிக் கோப்புறையில் இடுகின்றது. ஆதலால், பாட்டுகளை மட்டும் பிரதி செய்து வைத்தவர் பாதியைத்தான் காப்பாற்றினார். பட்டியலை மட்டும் பிரதி செய்தவரும் அவ்வாறே. இரண்டையும் சேர்த்துக் காத்தலே முறை.

இனி, இரண்டு சேகரங்களை ஒன்றாக்குவது எப்படி? பழைய கணினியில் ஒன்று, புதியதில் மற்றொன்று என்று வைத்துக்கொள்வோம். ஒன்றன் பட்டியற் கோப்பை மற்றதன் மேல் அப்படியே பிரதி செய்தால் இரண்டும் கலந்துவிடும் என்று எண்ணுவது பெருந்தவறு. மேலே வைத்தது நிற்கும். கீழே இருந்தது அழியும். முதலில் இரு பட்டியல்களையும் பாட்டுகளையும் வேறொரு வன்தட்டிற் பிரதி செய்தல் வேண்டும். பின்பு, எல்லாப் பாட்டுகளையும் ஒரே தாய்க் கோப்புறையின் கீழ்க் கொணர்ந்து, மென்பொருளே தரும் இறக்குமதி வழியாக இரண்டாம் பட்டியலை ஏற்று, பொய்த்துப்போன முகவரிகளைத் திருத்துதல் வேண்டும்.

அப்பொழுது ஒரே பாட்டு இருமுறை தோன்றும். எதனை நீக்குவது? அளவிற் பெரியதை வைத்துச் சிறியதை நீக்குவோம் என்பர் பலர். ஐந்து நிமிடப் பாட்டு, குறுந்தட்டின் தரத்தில் ஏறத்தாழ 53 மெகாபைட்டு; நொடிக்கு 320 கிலோபிட்டு எம்பி3 ஆயின் 12 மெகாபைட்டு. பெரியதே தரமானது என்பது பெரும்பாலும் சரி. ஆனால் எம்பி3-ஐ மீண்டும் பெரிய வடிவத்துக்கு மாற்றினாற் கோப்புப் பெருக்குமேயன்றி, இழந்த ஒலி திரும்பாது. மேலும், அடையாளங்கள் சிறிய பிரதியிலேயே இடப்பட்டிருக்கலாம். ஆகவே நீக்குமுன் இரண்டின் நீளத்தையும் ஒப்பிட்டு, காதாற் கேட்டு, அடையாளங்கள் எதில் உள்ளன என்று பார்த்தல் அவசியம்.

பெயர்களிலும் ஒழுங்கு வேண்டும். 1996 இல் தோன்றிய ஐடி3 என்னும் முறை, எம்பி3 கோப்பின் இறுதியில் 128 பைட்டுகளை ஒதுக்கி, பாட்டின் தலைப்புக்கும் பாடகர் பெயருக்கும் முப்பது முப்பது எழுத்துகளே அளித்தது. 1998 இல் வந்த இரண்டாம் முறை அந்நெருக்கடியை நீக்கிற்று. எனினும், டி. எம். சௌந்தரராஜன் என்ற ஒரே பெயரை உரோம எழுத்திற் பலர் பலவிதமாக எழுதுவதால், கணினி அவரைப் பல பாடகர்களாகக் கருதிப் பிரித்துவிடும். ஒரு பெயருக்கு ஒரே எழுத்து முறையை வரையறுத்துக்கொண்டாற்றான் தேடியது கிடைக்கும்.

இந்த ஒழுங்கெல்லாம் எதற்கு? பாட்டோடு பாட்டை இணைப்பதற்கே. நிமிடத்துக்கு 120 தட்டுள்ள பாட்டில் அரை நொடிக்கு ஒரு தட்டு விழும். முப்பத்திரண்டு தட்டுகள், அதாவது 16 நொடிகள், ஓர் இணைப்புக்குப் போதிய இடமாகும். இப்பாட்டின் வேகத்தை மென்பொருள் 120.1 என்று பிழையாகக் கணித்ததாகக் கொள்வோம். பிழை மிக அற்பமே. ஆயினும் ஐந்து நிமிடத்தில் அது அரைத் தட்டாக வளர்ந்து, ஒரு பாட்டின் தட்டு மற்றதன் இரு தட்டுகளுக்கு நடுவே வந்து விழும். ஆடுவோர் கால் தடுமாறும். வாத்தியக் கலைஞர் ஒருங்கே அமர்ந்து வாசித்த பழைய திரைப்பாடல்களிற் காலப்பிரமாணம் சற்றே விரைந்தும் தளர்ந்தும் செல்லும், அவற்றுக்கு ஒரே வேகக் கட்டம் பொருந்தாது, கையாலேயே திருத்தவேண்டும். அத்திருத்தமும் பட்டியலிற் சேரும் செல்வமே.

சுருதியும் கவனிக்கத்தக்கது. வேகத்தை நூற்றுக்கு ஆறு கூட்டினால், பாட்டு ஏறத்தாழ அரைச் சுரம் உயர்ந்துவிடும். சுருதியை மாற்றாது வேகத்தை மட்டும் மாற்றும் வசதி இன்று உண்டு. அளவு மீறினால் குரல் இயல்பு கெடும். ஆகையால் வேகத்திலும் சுருதியிலும் முன்னமே அண்மையிலுள்ள பாட்டுகளைத் தேர்தல் நலம். அத்தேர்வுக்கு உதவுவதும் செம்மையான பட்டியலேயாம்.

நேயர்களே, சபையினர் கேட்பது பாட்டை. கலைஞரின் அறிவு தங்கியிருப்பதோ பட்டியலில். புதிய கணினி வாங்கும் நாளிலன்று, இன்றைக்கே அவ்விரண்டையும் பிரதி செய்து வைப்பது சில நிமிட வேலை. பிரதியை எடுத்தபின், வேறொரு கணினியில் அதனைத் திறந்து ஒரு பாட்டையாவது இயக்கிப் பாருங்கள். அடையாளங்கள் உரிய இடத்திற் காணப்பட்டால், உங்கள் உழைப்பு காக்கப்பட்டது என்று நம்பலாம்.