வரவேற்பறையில் ஒரு கடல்

காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி, அதிராம்பட்டினம், பரங்கிப்பேட்டை என நம் மக்கள் செறிந்து வாழும் ஊர்களில் பல அலையோசை கேட்டு வளர்ந்தவை. முத்தும் சங்கும் நம் முன்னோர் பலருக்குப் பிழைப்பாகவும் வணிகமாகவும் இருந்தன. ஆயினும் அலைகளுக்கு அடியில் விரிந்து கிடக்கும் பவளத் தோட்டத்தைக் கண்ணாரக் கண்டவர்கள் மூச்சடக்கி மூழ்கியவர்கள் மட்டுமே. இன்று அந்தக் காட்சி கண்ணாடித் தொட்டிக்குள் அடங்கி வீட்டு வரவேற்பறைக்கே வந்துவிட்டது. நன்னீர் மீன் தொட்டி பல வீடுகளில் உண்டு. உப்புநீர்த் தொட்டி அண்மைக் காலத்தில் பரவிவரும் ஆசை. புதிதாக அமைக்கப் பெருஞ்செலவு ஆகும் என்பதால், ஊர் மாறிச் செல்வோரும் அலுத்துப்போனோரும் விற்கும் பழைய தொட்டியை வாங்கிச் செப்பனிட விரும்புவோர் பலர்.

இது கூடுமா, கூடுமெனில் எவ்வாறு செய்வது, எங்கே நிறுத்திக்கொள்வது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தெரிந்த பின்னரே பணப்பையைத் திறக்க வேண்டும்.

அடைத்து வைப்பது கூடுமா?

நபித்தோழர் அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூஉமைர் ஒரு சிறு குருவியை வளர்த்தார். அது இறந்தபோது வாடியிருந்த அச்சிறுவரிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குருவியைப் பற்றிப் பரிவோடு கேட்டு ஆறுதல் அளித்தார்கள். உயிரினத்தை மகிழ்வுக்காக வீட்டில் வைத்திருப்பது கூடும் என்பதற்கு மார்க்க அறிஞர்கள் இந்த நிகழ்ச்சியை ஆதாரம் காட்டுவர். அதே வேளையில் மற்றொரு நபிமொழியையும் மறத்தலாகாது. ஒரு பூனையைக் கட்டிப்போட்டு, தானும் உணவளிக்காமல், அது தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் நரகத்திற்கு உரியவளானாள் என்று புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சட்டம் தெளிவாகும். வளர்க்கலாம், ஆனால் வளர்க்கப்படும் உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். தொட்டியில் உள்ள மீன் பசித்தால் கத்தாது; நீர் கெட்டால் கதவைத் தட்டாது. ஆகவே அதன் உரிமையை நாமே அறிந்து நிறைவேற்றியாக வேண்டும்.

பவளம் என்பது என்ன?

திருமறையின் 55ஆம் அத்தியாயமாகிய அர்ரஹ்மானில் முத்தும் பவளமும் இறைவனின் அருட்கொடைகளாகக் குறிப்பிடப்படுகின்றன. பவளத்தைக் கல்லென்று எண்ணுவோர் இன்றும் உளர். உண்மையில் அது மிகச் சிறிய உயிர்கள் கூடிக் கட்டும் மாளிகை. கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்து அவ்வுயிர்கள் தமக்குக் கூடு சமைக்கின்றன. அவற்றின் உடலுக்குள் கண்ணுக்குப் புலப்படாத பாசிகள் குடியிருக்கின்றன. பாசி ஒளியைக் கொண்டு உணவு தயாரித்துத் தனக்கு இடம் கொடுத்த உயிருக்கு வழங்குகிறது. பவள உயிரியின் ஆற்றல் தேவையில் 90 விழுக்காடு வரை இவ்வாறே கிடைக்கிறது. நீரின் வெப்பம் வரம்பு மீறிச் சில வாரங்கள் நீடித்தால் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் பட்டினியால் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் நேர்ந்தது இதுவே.

மாலத்தீவின் தலைநகர் மாலேயில் 1658இல் எழுப்பப்பட்ட வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல், செதுக்கிய பவளக் கற்களால் ஆனது. சின்னஞ்சிறு உயிர்கள் கட்டிய கூடு, அல்லாஹ்வைத் தொழும் இல்லத்திற்குச் சுவராக நிற்பதை எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

சட்டம் சொல்வது

நம் நாட்டில் இருப்போர் இந்தப் பகுதியை இருமுறை படிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் பாறை கட்டும் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி, கடற்குதிரை, கடல் அட்டை முதலியன சேர்க்கப்பட்டன. உயிருள்ளதாயினும் காய்ந்ததாயினும் நம் கடலிலிருந்து பவளத்தை எடுப்பதும் விற்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

இச்சட்டம் காரணமின்றி வந்ததன்று. இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அத்தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டு, சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளைப் பல்லாண்டுகள் வெட்டி எடுத்ததன் விளைவாக நீருக்குள் அமிழ்ந்துவிட்டன.

ஆகவே பழைய தொட்டியை விற்பவர் ‘பவளமும் சேர்த்தே தருகிறேன்’ என்றால் மகிழ்ந்துவிடாதீர்கள். முறைப்படி இறக்குமதியானதற்கும் பதிவு செய்யப்பட்டதற்கும் ஆவணம் கேளுங்கள். இல்லையெனில் வனத்துறையினரிடம் விசாரித்துத் தெளியும் வரை அதைத் தொடாதீர்கள். வளைகுடா நாடுகளில் வாழ்வோரும் அந்நாட்டுச் சட்டத்தை அறிந்து, பண்ணையில் வளர்க்கப்பட்டவற்றையே உரிமம் பெற்ற கடைகளில் வாங்க வேண்டும். நம் வீடுகளுக்குச் செயற்கைப் பாறையும் பண்ணை மீன்களுமே போதும். கோமாளி மீன் முதலிய அழகு மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையை மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையங்களும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் வளர்த்தெடுத்துள்ளன. கடலில் பிடிக்கப்படும் மீன்களில் சில, சயனைடு நஞ்சைத் தெளித்து மயக்கிப் பிடிக்கப்படுபவை. பிலிப்பைன்சு, இந்தோனேசியா கடல்களில் இக்கொடுமையால் பவளங்களும் அழிந்தன. பண்ணை மீனில் அந்தப் பழி இல்லை.

பழைய தொட்டியைச் சோதித்தல்

முதலில் எடையைக் கணக்கிடுங்கள். நாலடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம் உள்ள தொட்டி 255 லிட்டர் கொள்ளும். நீர், பாறை, மணல், கண்ணாடி அனைத்தும் சேர்ந்தால் 300 கிலோவுக்கு மேல் போகும். சாதாரண மேசை இதைத் தாங்காது. பளுவைத் தாங்கும் தாங்கியைச் சமதளத் தரையில் நிறுத்தி, அதன்மீது தெர்மோகோல் பலகை விரித்துத் தொட்டியை வையுங்கள். வெயில் நேரே படும் சன்னலோரம் வேண்டாம்.

அடுத்து, கண்ணாடிகளை ஒட்டியுள்ள சிலிக்கான் பசையை விரலால் தடவிப் பாருங்கள். உரிந்தோ வெடித்தோ இருந்தால் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த பசை ஆகாது. பின்னர் முற்றத்தில் வைத்து நீர் நிரப்பி இரண்டு நாள் கசிவு பாருங்கள்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: ‘இதில் செம்பு கலந்த மருந்து எப்போதேனும் ஊற்றினீர்களா?’ மீன் நோய்க்குச் செம்பு நல்ல மருந்து. இறால், நண்டு, நத்தை, பவளம் ஆகியவற்றுக்கோ நஞ்சு. பாறையிலும் பசையிலும் ஊறிய செம்பு நெடுநாள் கழித்தும் நீரில் கசியும். அத்தகைய தொட்டியை மீன்களுக்கு மட்டும் பயன்படுத்துவதே நலம்.

கண்ணாடியில் படிந்த வெண்ணிறக் காறையை வினிகர் தோய்த்த துணியால் துடைத்தால் கரையும். பம்புகளைக் கழற்றி நீர் கலந்த வினிகரில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்துக் கழுவலாம். சோப்பும் சலவைத்தூளும் கிட்டவே வரக்கூடாது. பழைய மணலை எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். அதனடியில் தேங்கிய கழிவு புதிய நீரைக் கெடுத்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. உயிர் ஒட்டிய பாறையைத் தூய்மை செய்வதாக எண்ணிக் கொதிக்க வைக்காதீர்கள். ஜோவாந்திட் எனப்படும் பூவொத்த உயிர்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. அது ஆவியோடு கலந்து மூச்சில் ஏறினால் வீட்டாருக்கே உயிராபத்து. கையுறை இன்றி அவற்றைத் தொடுவதும் தவறு. சிறுவர்களை அப்பால் நிறுத்துங்கள்.

நீரும் காத்திருத்தலும்

சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாது. மக்னீசியம், சுண்ணாம்புச் சத்து, பொட்டாசியம் முதலிய பலவும் அதில் இருக்க வேண்டும். இதற்கென விற்கப்படும் கடலுப்புக் கலவையை, சுத்திகரித்த நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கரைக்க வேண்டும். மேற்சொன்ன தொட்டிக்கு 9 கிலோ அளவில் தேவைப்படும். ஒப்படர்த்தி 1.025 என்ற அளவில் நிற்கிறதா என்று கருவியால் பார்த்துக்கொள்ளுங்கள். சுத்திகரிப்பான் வெளியேற்றும் கழிவு நீரை வாசல் கழுவவேனும் பயன்படுத்துங்கள். வீண்விரயம் செய்வோரை அல்லாஹ் நேசிப்பதில்லை.

நாள்தோறும் நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவுக்கு நன்னீர் ஊற்ற வேண்டுமேயன்றி உப்புநீர் ஊற்றலாகாது. கடலிலிருந்து எழும் ஆவி உப்பை விட்டுவிட்டு மழையாய் இனிக்கிறது. நாம் அருந்தும் நீரை உவர்ப்பாக்கிட இறைவன் நாடியிருந்தால் என்ன செய்வோம் என்று அல்வாகிஆ அத்தியாயம் சிந்திக்கத் தூண்டுவதை, குழந்தைகளுக்கு இத்தொட்டியருகே நின்றே விளக்கலாம்.

நீர் நிறைந்தவுடன் மீனை விடுவோர் பலர். பெரும்பாலான மீன்கள் மடிவது இந்த அவசரத்தால்தான். மீனின் கழிவு அம்மோனியா என்னும் நஞ்சாகிறது. ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாகவும், மற்றொருவகை நுண்ணுயிர் நைட்ரேட்டாகவும் மாற்றும். முதலிரண்டும் கொல்லும், மூன்றாவது அளவோடு இருந்தால் தீங்கில்லை. இந்நுண்ணுயிர்கள் பாறையில் பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் எனச் சோதனை காட்டிய பின்னர், ஒன்றிரண்டு மீன்களோடு தொடங்குங்கள். தொட்டியின் பழைய பாறையை ஈரம் உலராமல் கொண்டுவந்திருந்தால் காத்திருக்கும் காலம் குறையும். சோதனையை மட்டும் விடக்கூடாது.

நம் தட்பவெப்பத்தில் பெருஞ்சோதனை வெயில்தான். நீர் 25 முதல் 27 பாகை வரை இருத்தல் நன்று. கோடையில் நம் வீட்டு அறை அதைவிடச் சூடாக இருக்கும் என்பதால் நீர் குளிர்விக்கும் இயந்திரம் தேவைப்படும், மின்கட்டணம் ஏறும். மின்வெட்டின்போது நீரோட்டம் நின்றால் சில மணி நேரத்தில் உயிர்க்காற்று குறைந்து மீன்கள் திணறும். மின்கலத்தில் இயங்கும் காற்றுக்குழாய் ஒன்று கைவசம் இருக்கட்டும். மின்கசிவு நேர்ந்தால் தானே துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனமும் கட்டாயம்.

எங்கே நிறுத்திக்கொள்வது?

தொட்டியின் விலை தொடக்கச் செலவே. உப்பு, மின்சாரம், உணவு, வாரந்தோறும் அல்லது இருவாரத்திற்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றும் உழைப்பு ஆகியவை தொடர்ந்து வரும். கடன் இருக்கும் வீட்டிலும், பிள்ளையின் கல்விக்கட்டணம் நிலுவையில் இருக்கும் வீட்டிலும் இது தகாது. விருந்தினர் வியக்க வேண்டும் என்பதற்காக அமைப்பது பெருமையடித்தல். அதன் கேட்டை நான் விளக்கத் தேவையில்லை.

பேணிக் காத்தால் கோமாளி மீன் தொட்டியில் இருபதாண்டுகளுக்கு மேலும் வாழ்ந்ததுண்டு. மகளின் பள்ளிப் பருவத்தில் வாங்கிய மீன் அவளது நிக்காஹ்வுக்குப் பின்னும் உணவுக்குக் காத்திருக்கலாம். குடும்பத்தோடு ஹஜ்ஜுக்குச் செல்லும்போது அதற்கு உணவளிப்பவர் யார், நீர் பார்ப்பவர் யார் என்பதை வாங்கும் முன்பே தீர்மானியுங்கள். சிறுவர் ஒருவரிடம் தினமும் ஒரு சிட்டிகை உணவிடும் பொறுப்பைத் தந்து பெரியவர் மேற்பார்ப்பது நல்ல பயிற்சி. முழுப் பொறுப்பையும் சிறுவரிடம் விடுவது மீனுக்கு அநீதி.

வளர்க்க முடியாமற்போனால் மீனைக் கடலிலோ ஆற்றிலோ கொண்டுபோய் விட்டுவிடுவது புண்ணியம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் 1985இல் முதன்முதலில் காணப்பட்ட சிங்க மீன் அக்கடலுக்கு உரியதன்று. தொட்டிகளிலிருந்து விடப்பட்டதே அதன் தொடக்கம் எனக் கருதுகின்றனர். இன்று அது பெருகி அங்குள்ள மீன்குஞ்சுகளை விழுங்குகிறது. நம்மால் இயலாத அமானிதத்தை, பேணத் தெரிந்த ஒருவரிடம் ஒப்படைப்பதே முறை.

இத்தனையும் படித்த பின் ‘நமக்கு ஆகாது’ என்று தோன்றினால் அதுவும் நல்ல முடிவே. தொட்டி இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் விடுமுறையில் மண்டபம் சென்று கடலைக் காணலாம். அங்குள்ள பாறையில் ஒரு துண்டையும் பெயர்க்காமல் திரும்பலாம். ‘நம்மால் இயலும்’ என்று துணிவோர் பிஸ்மில்லாஹ் கூறித் தொடங்கட்டும். முதல் மீனை விடும் முன் ஆறு வாரம் பொறுத்திருக்கட்டும். படைப்பினங்களின் உரிமையைப் பேணி நடக்கும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.