செக் எஞ்சின் லைட்டா? பில்லுக்கு முன்னாடி டேங்க் மூடியைப் பாருங்க

கைலாசபுரம் பெல் குடியிருப்புல நண்பர் ஒருத்தர் காரில் மஞ்சள் செக் எஞ்சின் லைட். ஸ்கேனரில் பி0455, அதாவது பெட்ரோல் ஆவி அதிகமா கசியுது. ஆவியைப் பிடிச்சு வைக்கிற கரி கானிஸ்டரையே மாத்தணும்னு எஸ்டிமேட். நான் ஆடிட்டர், வவுச்சர் பார்க்காம செலவை ஒத்துக்க மாட்டேன்.

கோடு கசிவைத்தான் சொல்லும். எந்த பார்ட்னு சொல்லாது. டேங்க் மூடியைக் கழற்றிப் பார்த்தோம். ரப்பர் வளையத்துல விரிசல். மூடியை மட்டும் மாத்தி, கோடை அழிச்சோம். திரும்ப வரலை.

உங்களுக்குத் திரும்ப வந்தா ஸ்மோக் டெஸ்ட் கேளுங்க. குழாயில் புகை விட்டா ஓட்டை தெரியும். வாரண்டியையும் பாருங்க. ஆட்டோ கட் ஆனபிறகு பெட்ரோல் ஊத்தச் சொல்லாதீங்க, கரியில் பெட்ரோல் இறங்கினா கானிஸ்டர் கெடும்.

பெட்ரோல் வாசம் அடிச்சா மட்டும் சிக்கனம் பார்க்காதீங்க. வண்டியை ஓட்டாம, மெக்கானிக்கை வரச் சொல்லுங்க.