கண்டதும் கேட்டதும்: மேற்கு அந்தலுஸின் கரையோர நகரங்களைப் பற்றிய பயணக் குறிப்புகள்

அந்தலுஸ் என்றவுடன் நம்மவர் நாவில் வருவன குர்துபா, இஷ்பீலியா, கர்னாத்தா எனும் மூன்று பெயர்களே. அம்மூன்றும் இன்றைய ஸ்பெயினில் உள்ளவை. அந்நிலத்தின் மேற்குப் பகுதி இன்று போர்ச்சுகல் எனும் தனி நாடாக இருப்பதை நம் மேடைகளும் ஏடுகளும் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. அரபியர் அப்பகுதியை ‘கர்புல் அந்தலுஸ்’, அதாவது அந்தலுஸின் மேற்கு என்றழைத்தனர். ‘அல்-கர்ப்’ எனும் அச்சொல்லே போர்ச்சுகலின் தென்கோடி மாநிலத்திற்கு ‘அல்கார்வ்’ எனும் பெயராக இன்றும் நிலைத்திருக்கிறது. லிஸ்பன் நகரை அவர்கள் அல்-உஷ்பூனா என்றும், சாந்தாரெமை ஷன்தரீன் என்றும், சில்வஷை ஷில்ப் என்றும் எழுதினர்.

இவ்வூர்களைப் பற்றி அரபுப் புவியியலாளர்கள் விட்டுச்சென்ற குறிப்புகள் அளவில் சிறியவை. பல ஊர்களுக்கு ஐந்தாறு வரிகளே கிடைக்கும். அவ்வரிகளை நாம் எடுத்தாளும் முறையில்தான் ஒரு குறை தெரிகிறது. ஒரு நபிமொழியைக் கேட்டால் ‘அறிவிப்பாளர் யார், அவர் நேரில் கேட்டாரா?’ என வினவப் பழகிய நாம், ஒரு நகரின் பெருமையைப் படித்ததும் அவ்வினாவை மறந்து, அழுதோ பெருமிதம் கொண்டோ அடுத்த பக்கத்திற்குச் சென்றுவிடுகிறோம். பயணக் குறிப்புக்கும் ஒரு ‘ஸனத்’ உண்டு. கண்டவன் சொல்வது வேறு. கேட்டவன் சொல்வது வேறு.

முதலில் கேட்டவர் ஒருவரைப் பார்ப்போம். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்-இஸ்தக்ரீ பாரசீகத்தவர். ஷன்தரீனைக் குறிப்பிடும்போது அவர் ஓர் அதிசயத்தைச் சொல்கிறார். ஆண்டின் குறிப்பிட்ட காலத்தில் கடலிலிருந்து ஒரு விலங்கு கரையேறிப் பாறைகளில் உடலை உரசுமாம். அப்போது பட்டுப் போன்று மென்மையான, பொன் நிறமுள்ள உரோமம் அதிலிருந்து உதிருமாம். அதைத் திரட்டி நெய்யும் ஆடை ஒரே பகலில் பல வண்ணம் காட்டும். உமையா மன்னர்கள் அதனை வெளிநாடு செல்ல விடுவதில்லை. அதன் விலை ஆயிரம் தீனாருக்கும் மேல் என்கிறார்.

ஷன்தரீனோ தேஜு நதிக்கரையில், கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே, குன்றின் மீது அமைந்த ஊர். கடல் விலங்கு அங்கே கரையேற வழியில்லை. ஆயினும் இது முழுக் கற்பனையும் அன்று. பெரிய கடற்சிப்பி ஒன்று தன்னைத் தரையோடு பிணைத்துக்கொள்ளச் சுரக்கும் பொன்னிற நாரிலிருந்து மிக அரிய துணி நெய்யும் வழக்கம் மத்தியதரைக் கடற்கரைகளில் இருந்துள்ளது. ‘கடற்பட்டு’ எனப்படும் அந்தத் துணியே கைமாறிக் கைமாறி இஸ்தக்ரீயின் செவியை அடைந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பொருள் மெய்யானது, அதன் பிறப்பைச் சொன்ன கதை வழியில் சேர்ந்தது. ‘மத்ன்’ ஒரு பகுதி சரியாயிருக்க, ஸனத் இடையில் அறுந்துபோனதற்கு இது நல்ல உதாரணம்.

இனி, கண்டவரிடம் வருவோம். ஷரீஃப் அல்-இத்ரீஸீ, ஸபத்தா எனும் சியூட்டாவில் பிறந்தவர் என்பது பரவலான கருத்து, குர்துபாவில் பயின்றவர். பின்னர் ஸிஸிலியின் கிறிஸ்தவ மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையில் அமர்ந்து ‘நுஸ்ஹதுல் முஷ்தாக்’ எனும் பெருநூலை ஹிஜ்ரி 548 ஷவ்வாலில் (கி.பி. 1154) முடித்தார். லிஸ்பன் முஸ்லிம்களின் கையை விட்டுப் போனது 1147இல். நூல் முடிவதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பே அந்நகரம் வீழ்ந்துவிட்டது. எனவே அவர் வர்ணிப்பது வீழ்ச்சிக்கு முந்தைய லிஸ்பனையே.

அந்த வர்ணனை சுருக்கமானது. நதியோரமாக நீண்டு கிடக்கும் அழகிய நகரம், மதில் உண்டு, வலுவான கோட்டை உண்டு, நகரின் நடுவே கோடையிலும் குளிரிலும் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. இவ்வளவுதான். அந்த ஊற்றுகளின் பெயரான ‘அல்-ஹம்மா’ என்பதே லிஸ்பனின் பழைய குடியிருப்புக்கு ‘அல்ஃபாமா’ எனும் பெயராயிற்று. குறுகிய சந்துகளும் படிக்கட்டுகளும் நிறைந்த அப்பகுதியைக் காணாமல் இன்று லிஸ்பனிலிருந்து எந்தச் சுற்றுலாப் பயணியும் திரும்புவதில்லை.

இத்ரீஸீயின் வினைச்சொற்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அரபுக் கல்லூரி மாணவர்கள் பொருளை விளங்கிக்கொண்டு வினையைத் தாண்டிச் செல்வதை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். ஷன்தரீனுக்கு அருகிலுள்ள பலாத்தா சமவெளியைப் பற்றி எழுதும்போது, அங்கு விதைக்கும் கோதுமை நாற்பதே நாளில் அறுவடைக்கு வரும், ஒரு மரக்கால் நூறு மரக்காலாகப் பெருகும் என்கிறார். ஆனால் அதற்கு முன்னே ‘லிஸ்பன்வாசிகளும் மேற்கத்தியரில் பெரும்பாலோரும் அறிவிக்கின்றனர்’ என ஒரு வேலி போட்டுவிடுகிறார். விளைச்சலுக்குப் பொறுப்பு அவர்களுடையது, இவருடையதன்று.

அதே இத்ரீஸீ, லிஸ்பனுக்கு எதிர்க்கரையிலுள்ள கோட்டையைப் பற்றி எழுதும்போது நடையே மாறுகிறது. அதன் பெயர் ‘ஹிஸ்னுல் மஅதின்’, சுரங்கக் கோட்டை. இன்றைய அல்மாதா நகரம். கடல் கொந்தளிக்கும்போது அங்கே பொற்துகளைக் கரையில் எறியும். குளிர்காலம் வந்ததும் சுற்றுவட்டார மக்கள் அங்கு வந்து, அக்காலம் முடியும் வரை பொன் சேகரிப்பார்கள். இது பூமியின் அதிசயங்களில் ஒன்று. இதனை நாம் கண்ணாரக் கண்டோம் என்கிறார். கடலே பொன்னைக் கொண்டுவந்து போடுகிறது என்பது நாற்பது நாள் கோதுமையைவிட நம்பக் கடினமானது. ஆயினும் கண்டதாகச் சொல்கிறார்.

அவர் சொல் மெய்தானா? ஹதீஸ் கலையில் ‘ஷாஹித்’ என்பார்கள். வேறொரு வழியில் வந்து அதே செய்தியை உறுதிசெய்யும் துணைச்சான்று. இங்கே அத்தகைய சான்று, யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து கிடைக்கிறது. 1147இல் லிஸ்பனை முற்றுகையிட்டவர்கள் போர்ச்சுகல் மன்னர் அஃபோன்ஸோ என்ரிகேஷின் படையினர் மட்டுமல்லர். கிழக்கு நோக்கிக் கப்பலில் சென்றுகொண்டிருந்த ஆங்கிலேய, ஃபிளெமிஷ், ஜெர்மானியச் சிலுவைப் போர் வீரர்களும் அதில் பங்கேற்றனர். அவர்களுடன் இருந்த ஒரு பாதிரியார் முற்றுகையின் வரலாற்றை இலத்தீனில் விரிவான கடிதமாக எழுதினார். அதன் கையெழுத்துப் படி கேம்பிரிட்ஜில் இன்றும் உள்ளது. தேஜு நதி இளவேனிலின் தொடக்கத்தில் தன் கரைகளுக்குள் அடங்கியதும் அங்கே பொன் கிடைக்கிறது என்று அவரும் எழுதுகிறார்.

ஒருவர் அரபியில் எழுதிய முஸ்லிம். மற்றவர் இலத்தீனில் எழுதிய எதிரி. ஒருவரையொருவர் அறியார். ஒருவர் கடலின் சீற்றத்தைச் சொல்கிறார், மற்றவர் நதி வடிவதைச் சொல்கிறார், பொன் ஒன்றே. உள்நாட்டு மலைகளிலிருந்து தேஜு அடித்துவந்த பொற்துகள்கள் முகத்துவாரத்தை ஒட்டிய கடற்கரை மணலில் படிந்துள்ளன. அல்மாதாவுக்குத் தெற்கே ‘அதீசா’ எனப்பட்ட கரையில் பொன் அரிப்போருக்குப் பிற்கால போர்ச்சுகல் மன்னர்கள் தனிச் சலுகைகளே வழங்கியிருந்தனர்.

அந்தப் பாதிரியாரின் கடிதத்தையும் அதே தராசில் நிறுக்க வேண்டும். லிஸ்பனில் மதக் கட்டுப்பாடு கிடையாது, அவரவர் விருப்பமே சட்டம், எனவேதான் உலகின் தீயவரெல்லாம் அங்கே வந்து குவிந்தனர் என்று அவர் வசைபாடுகிறார். பகைவன் பகைவனைப் பற்றிக் கூறும் குறையை எந்த நீதிபதியும் அப்படியே ஏற்கமாட்டார். ஆயினும் வேறோர் இடத்தில், நகருக்குள் புகுந்த தம் கூட்டாளிகள், அங்கே வாழ்ந்த முதிய கிறிஸ்தவ ஆயரைக் கழுத்தறுத்துக் கொன்றனர் என்றும் எழுதுகிறார். இது அவர் தரப்புக்கே இழுக்கான செய்தி. தன் பக்கத்துக்கு எதிராகத் தானே சொல்லும் சாட்சிக்கு எடை கூடுதல். அதோடு, வசையில் அவர் சொல்லாததையும் இது சொல்லிவிடுகிறது: முஸ்லிம் ஆட்சியிலிருந்த லிஸ்பனில் கிறிஸ்தவர்களும், அவர்களுக்கென ஓர் ஆயரும் இருந்தனர்.

இத்ரீஸீ தரும் மற்றொரு லிஸ்பன் செய்தி, கடலோடிகளைப் பற்றியது. வெந்நீர் ஊற்றுக்கு அருகே ஒரு தெரு ‘துணிந்திறங்கியோர் தெரு’ எனும் பொருளில் தர்புல் முகர்ரரீன் என்று அழைக்கப்பட்டதாம். உடன்பிறந்தார் மக்களான எட்டுப் பேர் ஒரு கப்பல் கட்டி, பல மாதங்களுக்கான நீரும் உணவும் ஏற்றி, இருட்கடலின் எல்லை எது என அறியப் புறப்பட்டனர். பதினோரு நாள் ஓடிய பின், துர்நாற்றமும் பாறைகளும் நிறைந்து ஒளி குன்றிய கடலைக் கண்டு தெற்கே திரும்பினர். பன்னிரண்டு நாளில் ஆடுகள் நிறைந்த தீவு. அவற்றின் இறைச்சியோ கசப்பு. மேலும் பன்னிரண்டு நாளில் மக்கள் வாழும் தீவு, அங்கே சிறைப்பட்டனர். அத்தீவில் அரபி பேசும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் இருந்தார்! முடிவில் கண்களைக் கட்டி மொராக்கோக் கரையில் இறக்கிவிடப்பட்டனர். ஊர் திரும்ப இரு மாதப் பயணம் எனக் கேட்டதும் தலைவர் ‘வா அஸஃபீ’ (ஐயோ, என் துயரே!) என்று கூவியதால்தான் ஸஃபீ துறைமுகத்துக்கு அப்பெயர் வந்தது என்கிறது கதை.

பெயர்க் காரணம் சொல்லும் இப்பகுதியை மொழியறிந்தோர் ஏற்கமாட்டார்கள். கொலம்பஸுக்கு முன்பே முஸ்லிம்கள் அமெரிக்காவை அடைந்தனர் என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுவோர் இருக்கிறார்கள். அது கதை சுமக்க முடியாத சுமை. முப்பத்தைந்து நாள் கடலோடி, மொராக்கோவுக்கு மூன்று நாள் தொலைவிலுள்ள தீவை அடைந்தவர்கள் கேனரித் தீவுகளைக் கண்டிருக்கலாம். அதுவே பெருஞ்சாதனைதான். ஒரு நகரம் தன் தெருவுக்கு மாலுமிகளின் பெயரை இட்டிருந்தது என்பதில் மட்டும் ஐயம் கொள்ளக் காரணமில்லை.

தெற்கே ஷில்ப் நகரம். அதன் மதில், தோட்டங்கள், ஆற்று நீரில் சுழலும் மாவு ஆலைகள், ஆற்றுத் துறைமுகம், கப்பல் கட்டும் தளம், மலைகளில் வெட்டி எங்கும் அனுப்பப்படும் மரம், மேற்கெங்கும் செல்லும் அத்தி என இத்ரீஸீ வரிசையாகக் கூறுகிறார். பிறகு அங்குள்ளோர் யமன் முதலான நாடுகளிலிருந்து வந்த அரபியர், தூய அரபி பேசுவோர், கவி பாடுவோர் என்கிறார். கவிஞர் இப்னு அம்மார் பிறந்த வட்டாரம் அது; இஷ்பீலியாவின் கவி மன்னர் அல்-முஅதமித் இளமையில் ஆளுநராக இருந்த ஊரும் அதுவே. எனவே இது மிகையன்று.

நூறாண்டுக்குப் பின் கிழக்கிலிருந்து அல்-கஸ்வீனீ எழுதும்போது, ஷில்பில் ஏரோட்டும் உழவனிடம் கேட்டாலும் நீ சொல்லும் பொருளில் உடனே கவி பாடுவான் என்று வளர்ந்துவிடுகிறது. நம் சொற்பொழிவாளர்களுக்கு மிகவும் பிடித்த செய்தி இது. கஸ்வீனீ அதை எழுதியபோது ஷில்ப் கிறிஸ்தவர் கைக்குப் போய் ஏறத்தாழ ஒரு தலைமுறை கடந்திருந்தது. உழவன் எங்கே போனானோ, கவிதை மட்டும் நூலில் ஏர் பூட்டிக்கொண்டிருந்தது.

ஷில்புக்கு உண்மையில் நேர்ந்ததை இத்ரீஸீயின் வறண்ட வரியே விளக்குகிறது. அதன் செல்வம் ஆற்றுத் துறைமுகம். அரேட் ஆற்றில் மணல் மேவ மேவக் கப்பல்கள் வருவது நின்றது. 1577இல் ஆயரின் இருக்கையே ஃபாரோ நகருக்கு மாறியது. இன்று செந்நிறக் கற்கோட்டையும், முவஹ்ஹிதீன்கள் காலத்துக் கிணறும் எஞ்சியுள்ளன. அந்தக் கிணற்றைச் சுற்றியே அவ்வூர்த் தொல்லியல் அருங்காட்சியகம் எழுப்பப்பட்டிருக்கிறது. குவாதியானா (வாதீ ஆனா) நதிக்கரையிலுள்ள மெர்தொலாவில் பள்ளிவாசல் ஒன்று தேவாலயமாக மாற்றப்பட்டும் மிஹ்ராபும் லாட வடிவ வாயில் வளைவுகளும் அழியாமல் நிற்கின்றன. 1978 முதல் கிளாவ்தியோ தோரெஸ் என்னும் அறிஞரின் முயற்சியால் அங்கே நடந்த அகழாய்வுகள், மன்னர்களைவிடச் சாதாரண மக்களின் வீடுகளையும் மட்பாண்டங்களையும் வெளிக்கொணர்ந்தன.

வீழ்ச்சிக்குப் பிறகும் லிஸ்பனில் முஸ்லிம்கள் இருந்தனர். 1170இல் மன்னர் அவர்களுக்கு உரிமைப் பட்டயம் வழங்கினார். அவர்கள் வாழ்ந்த பகுதி ‘மோராரியா’ எனப்பட்டது. 1496 டிசம்பரில் மன்னர் மனுவேலின் ஆணை அவர்களையும் யூதர்களையும் நாட்டை விட்டு வெளியேறச் சொன்னது. அடுத்த ஜூலையில் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் அதே துறைமுகத்திலிருந்து புறப்பட்டன. நம் கடற்கரைகளில் பறங்கியர் இழைத்த கொடுமைகளை ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் ‘துஹ்ஃபதுல் முஜாஹிதீன்’ எனும் அரபு நூலில் பதிவுசெய்தார். அந்நூலை 1898இல் போர்ச்சுகீசிய மொழியில் பெயர்த்து லிஸ்பனிலேயே வெளியிட்டவர் தாவித் லோபெஷ் எனும் அரபு அறிஞர். தம் நாட்டு ஊர்ப்பெயர்களில் உறைந்திருந்த அரபியை ஆராய்ந்தவரும் அவரே. 1970களில் மொசாம்பிக்கிலிருந்து, குஜராத்தைப் பூர்விகமாகக் கொண்ட முஸ்லிம்கள் பலர் லிஸ்பனில் குடியேறினர். 1985இல் மத்தியப் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. மோராரியாவின் அடிவாரத்தில் இன்று பங்களாதேசத்தினரின் கடைகளைக் காணலாம்.

நாட்டின் தென்மேற்கு முனையில் இத்ரீஸீ காட்டும் ஓரிடம் எஞ்சியிருக்கிறது. கடலுக்குள் நீண்ட நிலமுனையில் ‘கனீஸதுல் குராப்’, காக்கைத் தேவாலயம். முஸ்லிம் ஆட்சியில் அது ரோமர் காலத்து நிலையிலிருந்து மாறவேயில்லை என்கிறார். அதற்குச் சொத்துகள் இருந்தன; பாதிரியார்கள் இருந்தனர்; வழிப்போக்கர் எவரும் விருந்துண்ணாமல் போகக்கூடாது என்பது அங்கே மாறா வழக்கம். கூரை மீது பத்துக் காக்கைகள் எப்போதும் இருக்கும். அக்காக்கைகளைப் பற்றிப் பாதிரியார்கள் கூறும் அதிசயங்களை எடுத்துச் சொன்னால் சொல்பவன் மீதே சந்தேகம் வரும் என்று கூறி, அவற்றில் ஒன்றையும் எழுதாமல் நகர்ந்துவிடுகிறார். புனித வின்சென்டின் எலும்புகள் என நம்பப்பட்டவை 1173இல் அம்முனையிலிருந்து லிஸ்பனுக்குக் கப்பலில் கொண்டுசெல்லப்பட்டன; காக்கைகளும் உடன் சென்றன என்பது அங்குள்ளோர் மரபு. லிஸ்பன் நகரச் சின்னத்தில் இன்றும் ஒரு கப்பலும் அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு காக்கையும் உள்ளன. பழைய தெருவிளக்குக் கம்பங்களிலும் அவற்றைப் பார்க்கலாம்.