காதுக்குள்ளே கச்சேரி... எவ்வளவு நேரம்?

"ஏனுங்க டாக்டர், இந்த ஒயர் இல்லாத ஹெட்போனை மாட்டினா கதிர்வீச்சு மூளைக்குள்ள போயிருமுங்களா?"

சூலூரில் என்னிடம் வரும் தாய்மார்கள் இப்போது அடிக்கடி கேட்கிற கேள்வி இது. பயம் நியாயமானதுதான். ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு.

ப்ளூடூத் என்பது சில மீட்டர் தூரம் மட்டுமே எட்டக்கூடிய, சக்தி குறைந்த ரேடியோ அலை. செல்போனைக் காதில் வைத்துப் பேசும்போது வரும் அலையைவிட இது மிகக் குறைவு. எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சும் அல்ல. ஆகவே ஒயர் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். அதன் வழியாக வரும் சத்தம் எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்று பாருங்கள்.

ஜப்பானில் சோனி கம்பெனி 1979-ல் வாக்மேனைக் கொண்டுவந்தது. நாங்கள் கல்லூரியில் படித்த நாளில் விடுதியில் யாராவது ஒருவரிடம் அது இருக்கும். அரை மணியில் கேசட்டைத் திருப்பிப் போட வேண்டும். செல் தீர்ந்தால் பாட்டு இழுக்க ஆரம்பித்துவிடும். அந்தத் தொல்லைதான் எங்கள் காதுக்கு ஓய்வு கொடுத்தது என்று இப்போது தோன்றுகிறது. இன்றைய பிளேயரில் பாட்டுக்கு முடிவே இல்லை, சார்ஜும் சீக்கிரம் தீர்வதில்லை.

உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் சுமார் 15 ஆயிரம் நுண்ணிய மயிர்ச் செல்கள். சத்தத்தை நரம்புக்குச் சொல்பவை இவைதான். பலத்த சத்தத்தில் இவை துவண்டுபோகும். ஓய்வு கொடுத்தால் ஓரளவு நிமிரும். தினமும் இதே கதை என்றால் செத்துப்போகும். மனிதனுக்கு இவை மறுபடி முளைப்பதில்லை. கீச்சுச் சத்தத்தைக் கேட்கும் செல்கள்தான் முதலில் போகின்றன. அதனால்தான், "பேசறது கேக்குதுங்க, என்ன பேசறாங்கன்னுதான் புரியலை" என்று ஆரம்பிக்கிறது வியாதி.

85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது ஒரு கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 100 என்றால் கால் மணி நேரம்தான்! வால்யூமை முழுதாகத் திருகினால் பல ஹெட்போன்கள் அந்த 100-ஐத் தொட்டுவிடும். பாட்டு கேட்கும் கருவிகளுக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தந்த அளவு இன்னும் கறாரானது. பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான்.

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். சூலூர், சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடங்களில் தறிச் சத்தமே பெரும்பாலும் 90 டெசிபலைத் தாண்டும். அதற்கு மேல் பாட்டு கேட்க வேண்டுமென்றால் வால்யூம் எங்கே போகும்? காந்திபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்பவர்களுக்கும் இதே கதிதான். தறிக்கூடத்தில் காதை மூட அதற்கென்றே விற்கும் அடைப்பான் வேண்டும். வெறும் பஞ்சு போதாது, பாட்டு அதற்கு மாற்றும் அல்ல. வெளிச் சத்தத்தை அடக்கும் வசதியுள்ள ஹெட்போன் என்றால் பஸ்ஸில் குறைந்த வால்யூமே போதும். ஆனால் திருச்சி ரோட்டைக் கடக்கும்போது கழற்றிப் பையில் போடுங்கள். பின்னால் வரும் லாரியின் சத்தத்தையும் அது விழுங்கிவிடும்.

இன்னொரு சங்கதி. ப்ளூடூத் இல்லாத பழைய பிளேயரில் சின்ன டிரான்ஸ்மிட்டரைச் செருகி, ஒயர் இல்லாத ஹெட்போனில் கேட்கிறார்கள். பிளேயரில் ஒரு வால்யூம், ஹெட்போனில் ஒரு வால்யூம். இரண்டையும் ஏற்றி வைத்தால் அளவு கைமீறிவிடும். சில செல்போன்கள் 'சத்தம் அதிகம்' என்று எச்சரிக்கும், இங்கே எச்சரிக்க ஆளில்லை. கையெட்டும் தூரத்தில் இருப்பவர் சாதாரணமாகப் பேசுவது உங்களுக்குக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்கவில்லையென்றால் குறையுங்கள். வால்யூம் பாதிக்குச் சற்று மேல், ஒரு மணிக்கு ஒருமுறை ஓய்வு. வீட்டில் இதைச் சட்டமாகவே வைக்கலாம்.

இந்திப் பின்னணிப் பாடகி அல்கா யாக்னிக், விமானத்திலிருந்து இறங்கி வரும்போது திடீரென்று எதுவும் கேட்காமல் போனதாக 2024 ஜூனில் தெரிவித்தார். வைரஸ் தாக்குதலால் வந்த நரம்புச் செவிடு என்று டாக்டர்கள் கண்டார்கள். காரணம் ஹெட்போன் அல்ல. ஆனாலும் பலத்த இசையும் ஹெட்போனும் வேண்டாம் என்று ரசிகர்களை அவர் எச்சரித்தார்.

சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் எண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொண்டு உட்காராதீர்கள். செவிக்குத் தைலம் விடும் முறை எங்கள் வைத்தியத்தில் உண்டு. ஆனால் செவிப்பறையைத் தாண்டி, சேதமான அந்தச் செல்கள்வரை எண்ணெய் போகாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் கெடுதல் வேறு. அன்றைக்கே, தள்ளிப்போனால் இரண்டு மூன்று நாளுக்குள், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். ஸ்டீராய்டு மருந்து சீக்கிரம் தொடங்கினால்தான் கேட்கும் சக்தி திரும்ப வாய்ப்பு அதிகம். "தானாச் சரியாப் போகுமுங்க" என்று இரண்டு வாரம் கழித்து வருபவர்களுக்கு யாராலும் பெரிதாக உதவ முடிவதில்லை.

காதில் விடாமல் 'ங்ஙொய்' என்ற இரைச்சல், டி.வி. சத்தத்தைக் கூட்டச் சொல்வது, கூப்பிட்டால் "என்ன?" என்று இரண்டு முறை கேட்பது... இவை இருந்தால் ஒரு ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். கோவை அரசு மருத்துவமனையிலேயே எடுக்கலாம்.

சனிக்கிழமை எண்ணெய் முழுக்குப் போட்டுவிட்டு ஈரக் காதில் உடனே ஹெட்போனைச் செருகுகிறார்கள். உள்ளே காற்றோட்டமில்லாமல் பூஞ்சை பிடித்து அரிப்பும் நீர் வடிதலும் வரும். மெல்லிய துணியால் காதை வெளியே துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டட்டும். ஒருவர் செருகியதை இன்னொருவர் வாங்கிச் செருகவும் வேண்டாம்.