மேட்டூர் எத்தனை அடி? உங்க மீன் தொட்டி எத்தனை அடி?

தஞ்சாவூர்ப் பக்கம் எந்த டீக்கடையில வேணும்னாலும் பாருங்க... பேப்பர் கைக்கு வந்ததும் பெருசுங்க தேடுறது சினிமாவும் இல்லை, அரசியலும் இல்லை. 'மேட்டூர் இன்னிக்கு எத்தனை அடி?' அவ்வளவுதான். 120 அடின்னு போட்டிருந்தா அன்னிக்கு டீயே கூடுதலா இனிக்கும். 1934-ல் கட்டி முடிச்ச அந்த அணை நிறைஞ்சா 93.47 டி.எம்.சி. தண்ணி. ஆனா, டி.எம்.சி-யைவிட அடிக்குத்தான் இங்கே மரியாதை!

இப்படி அடிக் கணக்குலேயே வளர்ந்த ஊர்க்காரங்க, மீன் தொட்டி வாங்கப் போனா மட்டும் கேக்குற முதல் கேள்வி, 'எத்தனை லிட்டர் பிடிக்கும்?' பாஸ்... கேள்வியே தப்பு!

இந்த ஞானம் சும்மா வரலை. வல்லம் பக்கம் மாடி வீடு எடுத்துத் தங்கியிருக்கிற நம்ம மெக்கானிக்கல் நண்பன் ஒருத்தன், போன வருஷம் ரெடிமேட் தொட்டி ஒண்ணு வாங்கி வெச்சான். ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு மூலையில ஒட்டு விட்டு, மொத்தத் தண்ணியும் ஹால்ல. பசங்க எழுந்து பக்கெட்ல அள்ளிப் போட்டதுல பாதி மீன்தான் பிழைச்சுது. தண்ணி கீழ் வீட்டு சீலிங் வரைக்கும் இறங்கிடுச்சு. அங்கே குடியிருக்கிறது யாரு? சாட்சாத் ஹவுஸ் ஓனர்! "இன்னொரு தடவை இப்படி ஆச்சு... அட்வான்ஸை மறந்துடுங்க, வீட்டையும் காலி பண்ணிடுங்க தம்பி"ன்னு அமைதியா சொல்லிட்டுப் போயிட்டார். அமைதியா சொன்னதுதான் பயமே.

ஆனாலும் நம்மாளுக்கு மீன் ஆசை விடலை. இந்தத் தடவை அளவு சொல்லி, நல்ல ஆளா பார்த்து ஒட்டி வாங்கணும்னு பிடிவாதம். நாலு பசங்க தங்குற இடமே ஒரு சிலிக்கான் கோட்டை நம்பி நிக்குதே... அதனால நானும் நோட்டை எடுத்துக்கிட்டுக் கூடவே கிளம்பிட்டேன்.

தேட ஆரம்பிச்சா, ஊர்ல மூணு வகை ஆளுங்க. வண்ண மீன் கடைக்காரங்ககிட்ட இருக்கிறது குறிப்பிட்ட சில அளவு மட்டும். தனியா சொல்லிச் செய்யணும்னா சென்னை கொளத்தூர்லேருந்து வரணும்னு கையைக் காட்டுறாங்க. வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன ஏரியா அது, தப்பில்லை. ஆனா, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல கண்ணாடித் தொட்டியைக் குலுக்கிக் கொண்டுவந்து இறக்குறதுக்குள்ள யாருக்கு நெஞ்சு வலிக்கும்? அடுத்தது, கண்ணாடிக் கடைக்காரங்க. எந்த அளவு கேட்டாலும் நறுக்கு நறுக்குன்னு வெட்டித் தர்றாங்க. "ஒட்டுறது மட்டும் நம்ம வேலை இல்லை தம்பி"ங்கிறாங்க. மூணாவது, அலுமினிய ஜன்னல் போடுறவங்க. "நம்மகிட்டயே சிலிக்கான் கன் இருக்கு, அரை மணி நேர வேலை"ன்னு சொன்னார் ஒருத்தர். அங்கேயிருந்து ஓடி வந்துட்டோம். ஏன்னு அப்புறம் சொல்றேன்.

கடைசியில மாட்டினவர், கீழவாசல் பக்கம் போட்டோவுக்கு ஃபிரேம் போடுறவர். தொட்டி ஒட்டுறது அவருக்கு சைடு வேலை. மத்தவங்க எல்லாம் "பட்ஜெட் எவ்வளவு?"ன்னு ஆரம்பிச்சாங்க. இவர் கேட்ட முதல் கேள்வி, "உயரம் எவ்வளவு தம்பி?" ரெண்டாவது, "மாடியா, தரையா?" அங்கேயே நமக்கு ஆள் ஓகே!

ஏன் உயரம்? ப்ளஸ் டூ பிசிக்ஸைக் கொஞ்சம் தூசி தட்டுங்க. கண்ணாடி மேல தண்ணி கொடுக்கிற அழுத்தம், தண்ணி எவ்வளவு இருக்குங்கிறதைப் பொறுத்தது இல்லை. எவ்வளவு ஆழம் நிக்குதுங்கிறதைப் பொறுத்தது. மேட்டூருக்கும் அதே ஃபார்முலாதான், உங்க ஹால்ல இருக்கிற தொட்டிக்கும் அதேதான். 4 அடி நீளம், 1½ அடி உயரத்துக்குத் தண்ணி நின்னா, முன் கண்ணாடியைத் தள்ளுற மொத்த விசை சுமார் 127 கிலோ எடைக்குச் சமம். உயரத்தை 2 அடி ஆக்குங்க... 227 கிலோ! அரை அடிதான் ஏத்தினோம், தள்ளு கிட்டத்தட்ட முக்கால் பங்கு ஏறிடுச்சு. கண்ணாடியோட தடிமனும் அதுக்கேத்த மாதிரி ஏறும். உடையிற அளவுல ஏறக்குறைய நாலுல ஒரு பங்கு பாரம்தான் தாங்கணும்னு பாதுகாப்பா கணக்குப் போட்டா, 1½ அடிக்கு 8 எம்.எம்-மைக் கொஞ்சம் தாண்டுது. அப்படின்னா 10 எம்.எம். போட்டாத்தான் தூக்கம் வரும். 2 அடிக்கு 12 எம்.எம். கூட விளிம்புலதான் நிக்குது.

இங்கேதான் நம்ம ஃபிரேம்கார அண்ணன் ஒரு பென்சிலை எடுத்தார். நண்பன் கேட்டது 4 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரம். அவர் அதை அடிச்சுட்டு, 4 அடி, 2 அடி, 1 அடின்னு எழுதினார். உயரத்தைக் குறைச்சு அகலத்தைக் கூட்டிட்டார். ரூமுக்கு வந்து கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தா... முதல் தொட்டிக்கு 255 லிட்டர், ரெண்டாவதுக்கு 226 லிட்டர். தண்ணியில பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா, முன் கண்ணாடி மேல தள்ளு 127 கிலோவிலேருந்து 57 கிலோவுக்கு இறங்கிடுச்சு. 6 எம்.எம். கண்ணாடியே தாராளம். கண்ணாடி எடை மட்டும் பார்த்தா 52 கிலோ எங்கே, 28 கிலோ எங்கே! கண்ணாடிக்கு ரேட்டு சதுர அடிக்கு, அதுவும் தடிமனைப் பொறுத்துங்கிறதால பர்ஸுக்கும் நிம்மதி. மாடி வீடுங்கிறதால, ஹால் நடுவுல வைக்காம சுவரை ஒட்டி, கீழே பீம் போற பக்கமா வைக்கச் சொன்னார். (ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பர்ல அரியர் வெச்சிருக்கிற சிவில் நண்பர்கள் கவனிக்க!)

அகலத் தொட்டியில இன்னொரு லாபம். காத்து படுற மேல்பரப்பு 6 சதுர அடியிலேருந்து 8 ஆகுது. மீன் மூச்சுக்கு அது முக்கியம். அதுலயும் நண்பன் வளர்க்க நினைக்கிறது கோல்டு ஃபிஷ் இல்லை, நம்ம வயல் வாய்க்கால் ஆளு... பனையேறிக் கெண்டை! ஆழமில்லாத தண்ணியில வாழ்ந்து பழகினது, அப்பப்போ மேலே வந்து காத்தைக் குடிச்சுட்டுப் போகும். இதுக்கு எதுக்கு ரெண்டு அடி உயரம்? கடையில கிடைக்கிற ஒல்லி உசரத் தொட்டியெல்லாம் நாம பார்க்க அழகா இருக்கணும்னு செஞ்சது, மீனைக் கேட்டுச் செஞ்சது இல்லை.

ஆனா ஒண்ணு, மூடி இல்லாம இந்த மீனை வைக்கவே கூடாது. பேரே அப்படி வந்ததுதானே! இதை உலகத்துக்கு எழுதிச் சொன்ன கதையும் நம்ம டெல்டாவுலதான் நடந்துச்சு. தரங்கம்பாடி டேனிஷ்காரங்க கையில இருந்த காலம். டால்டார்ஃப்னு ஒரு லெப்டினன்ட், 1791-ல் அங்கே ஒரு குளத்தங்கரைப் பனைமரத்துல இந்த மீன் ஏறுறதைப் பார்த்ததா எழுதினார். 1797-ல் லண்டன் லின்னேயன் சொசைட்டி அதை வெளியிட்டுச்சு. பனை ஏறுச்சா இல்லையான்னு அப்புறம் எத்தனையோ பேர் சண்டை போட்டாங்க. ஏறுதோ இல்லையோ, ஒரு அடித் தொட்டியைத் தாண்டி டைனிங் டேபிளுக்கு வந்துடும். அதனால காத்து போற மாதிரி ஓட்டை வெச்ச, கனமான மூடி.

சரி, அந்த அலுமினிய ஜன்னல் மேட்டர். சிலிக்கான்ல பல ரகம் இருக்கு. பாத்ரூம், சிங்க் ஓரத்துக்குன்னு வர்ற சில வகையில பூஞ்சை பிடிக்காம இருக்க மருந்து கலந்திருக்கும். அது பூஞ்சைக்கு மட்டுமில்லை, மீனுக்கும் எமன். மீன் தொட்டிக்கு ஆகும்னு டியூப்லேயே எழுதியிருக்கணும். தொட்டிக்கு வழக்கமா போடுறது, ஒட்டும்போது வினிகர் வாடை குப்புன்னு அடிக்கிற ரகம். காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து, அசிட்டிக் அமிலத்தை விட்டுக்கிட்டே இறுகும். வெளிப்பக்கம் முதல்ல இறுகி, உள்ளே மெதுவாத்தான் போகும். தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ளே பச்சையா இருக்கும். அரை மணி நேர வேலைன்னு யாராவது சொன்னா, ஓடிடுங்கன்னு சொன்னதுக்கு இதான் காரணம்!

நம்ம அண்ணன் வெட்டின ஓரத்தையெல்லாம் தேய்ச்சு, அசிட்டோன் வெச்சுத் துடைச்சு, அதுக்கப்புறம் விரல் படாம ஒட்டினார். உள்ளே மூலையில பட்டையா தெரியுற சிலிக்கானைப் பார்த்து ஏமாறாதீங்க. பலமெல்லாம் ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல மெலிசா இருக்கிற அந்தப் படலத்துலதான். நாங்க உத்து உத்துப் பார்த்ததும் அங்கேதான், காத்துக் குமிழி இருக்கான்னு. நண்பனோட பழைய தொட்டியையும் காட்டினோம். ஒழுகின இடத்துல யாரோ மேலேயே புதுசா பூசியிருக்காங்க. பழைய சிலிக்கான் மேல புது சிலிக்கான் சரியா பிடிக்காது, மொத்தமா சுரண்டி எடுத்துட்டுத்தான் ஒட்டணும்னார். அதாவது, வாங்கும்போதே அது ரிப்பேர் கேஸ்!

ஒட்டு விஷயத்துல பெரிய ஆளுங்களுக்கே ஆட்டம் கண்டிருக்கு. 2022 டிசம்பர் 16-ம் தேதி விடியக்காலை, ஜெர்மனியில பெர்லின் ஹோட்டல் ஒண்ணுல இருந்த 'ஆக்வாடோம்'ங்கிற உருளைத் தொட்டி வெடிச்சு, 10 லட்சம் லிட்டர் தண்ணி ரோட்டுக்கு வந்துச்சு. அதுல இருந்த சுமார் 1,500 மீன்ல பிழைச்சது ரொம்பக் கொஞ்சம். அது கண்ணாடி இல்லை, அக்ரிலிக். அடுத்த வருஷம் வந்த ஆய்வறிக்கை, இதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாம, மூணு சாத்தியங்களைச் சொல்லுச்சு. அதுல ஒண்ணு, ஒட்டு விட்டுப் போயிருக்கலாம்ங்கிறது.

நம்ம தொட்டி மூணு நாள் தொடாம காய்ஞ்சுது. அப்புறம் அவர் கடை வாசல்லேயே விளிம்பு வரைக்கும் தண்ணி நிரப்பி, கீழே நியூஸ்பேப்பர் விரிச்சு ரெண்டு நாள். பேப்பர்ல ஒரு சொட்டு ஈரம் இல்லை. அப்புறம்தான் பணம் வாங்கினார். ஸ்டாண்டு வெல்டிங் பட்டறையில அடிச்சது. வீட்டுல கொத்தனார்கிட்ட ரசமட்டம் கடன் வாங்கி வெச்சுப் பார்த்தா, தரையே ஒரு பக்கம் சரிவு! ஸ்டாண்டு காலுக்கு அட்டை கொடுத்து சரி பண்ணி, தெர்மோகோல் ஷீட் போட்டு, அதுக்கு மேல தொட்டி.

தண்ணி நிரப்பி இன்னியோட 11 நாள் ஆச்சு. மீன் கழிவைச் சரி பண்ற பாக்டீரியா ஃபில்டர்ல செட் ஆகணும், அதுக்கு இன்னும் சில வாரம் ஆகும். அதுவரைக்கும் நாலு பேரும் வெறும் தண்ணியை வேடிக்கை பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஹவுஸ் ஓனர் தினமும் சாயந்திரம் மாடிக்கு வர்றார். மூலையெல்லாம் விரலால தடவிப் பார்க்கிறார். "எல்லாம் சரி... மீன் எங்கே தம்பி?"ன்னு கேட்டுட்டு இறங்கிப் போறார்.