உரோமானிய மக்கட்பெயர்களும் அவற்றின் பொருளும்

சென்னைக்கு மேற்கே அமைந்த அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்னும் ஊர்களில் இற்றை நாளில் குழந்தைகட்கு இடப்பெறும் பெயர்களுள் உரோமானிய மூலமுடையன பல. அந்தோணி, மார்க், பால், விக்டர், செசிலியா, கிளாடியா, ரெஜினா என்பன அவற்றுட் சில. 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் படைக்கலத் தொழிற்சாலையும் எழுந்தபின் பல மாவட்டங்களிலிருந்து இங்குக் குடிபுகுந்தோர், தத்தம் பெயர்மரபையும் உடன்கொணர்ந்தனர். பூவிருந்தவல்லியிலோ கத்தோலிக்கக் குருமடம் ஒன்று நெடுங்காலமாக உள்ளது. இப்பெயர்களை இடக் கருதும் பெற்றோர் முதற்கண் வினவுவது, ‘இதன் பொருள் யாது?’ என்பதே. பெயர்த்தொகுப்பு நூல்கள் எல்லாப் பெயர்க்கும் தயங்காது பொருள் கூறுகின்றன. அவற்றுட் பல பொருந்தாப் பொருள்கள் என்பதும், பொருந்தாமைக்குரிய காரணம் யாதென்பதும் ஈண்டு ஆராயத்தக்கன.

அந்தோணி என்னும் பெயரையே முதலிற் கொள்வோம். இதற்கு ‘விலைமதிப்பற்றவன்’ என்றும் ‘மலர்’ என்றும் பொருள் எழுதுவர். மலர் என்னும் பொருள் ‘அந்தொஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லொடு கொண்ட ஒலியொப்புமையாற் பிறந்தது. அவ்வொப்புமையை நம்பியே பிற்காலத்து ஆங்கிலேயர் இப்பெயரின் எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்தை மிகுத்தெழுதினர். உண்மையில் ‘அந்தோனியுஸ்’ என்பது உரோமாபுரியில் வாழ்ந்த ஒரு குடியின் பெயர். அதன் வேர்ச்சொல் தெளிவாக அறியப்படவில்லை. எத்ருஸ்க மொழிக்குரியதாகலாம் என்பாரும் உளர். குடிப்பெயர் குடியைக் குறிக்குமேயன்றி, அதனைத் தாங்கிய குழந்தையின் இயல்பைக் குறிப்பதன்று.

உரோமானியர் பெயரமைப்பை அறிந்தால் இது விளங்கும். ஆடவர்க்குப் பெரும்பாலும் மூன்று பெயர்கள் உண்டு. முதலாவது இயற்பெயர். இவ்வகைப் பெயர்கள் மிகச் சில, குடியரசின் பிற்பகுதியிற் பெருவழக்காய் நின்றவை ஏறத்தாழ 18 மட்டுமே. இரண்டாவது குடிப்பெயர். மூன்றாவது கிளைப்பெயர், பெரிதும் பட்டப்பெயராய்த் தோன்றி வழிவழி நிலைத்தது. ‘மார்க்குஸ் துல்லியுஸ் சிசரோ’ என்னும் நாவலரின் (கி.மு. 106–43) பெயரில், மார்க்குஸ் இயற்பெயர், துல்லியுஸ் குடிப்பெயர், சிசரோ கொண்டைக்கடலையைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்த கிளைப்பெயர். பிறந்த ஒன்பதாம் நாள் ஆண்மகவுக்கும், எட்டாம் நாள் பெண்மகவுக்கும் தூய்மைச் சடங்கு செய்து பெயரிட்டனர்.

குடிப்பெயரே ஒருவர்க்குரிய பெயராய் உலகில் நிலைத்தற்கு அயல்நாடு சென்று சான்று தேட வேண்டுவதில்லை. பூவிருந்தவல்லிக்கு அணித்தேயுள்ள குன்றத்தூரிற் பிறந்து பெரியபுராணம் பாடியவரின் இயற்பெயர் அருண்மொழித்தேவர். அவரை நாம் அவர்தம் குடிப்பெயரால் சேக்கிழார் என்றே வழங்குகின்றோம். ‘சேக்கிழார் என்றால் நற்பண்புடையவர்’ என ஒருவர் அகராதி எழுதின் அஃது எத்துணைப் பொருந்தாதோ, அத்துணைப் பொருந்தாதது அந்தோணிக்கு ‘விலைமதிப்பற்றவன்’ எனப் பொருள் கூறுதல்.

தொல்காப்பியர் பெயரியலில் உயர்திணைப் பெயர்களை நிலப்பெயர், குடிப்பெயர், வினைப்பெயர், பண்புகொள் பெயர், சினைநிலைப் பெயர் எனப் பலவாறு பகுத்துரைப்பர். இப்பகுப்பு உரோமானியப் பெயர்க்கும் வியக்கத்தக்கவாறு பொருந்துகின்றது. அந்தோனியுஸ், யூலியுஸ், கொர்நேலியுஸ் என்பன குடிப்பெயர். லாரன்ஸ் என்பதன் மூலமாகிய ‘லவுரெந்தியுஸ்’ லவுரெந்தும் என்னும் ஊரான் எனப் பொருள்படும் நிலப்பெயர். உழவனைக் குறிக்கும் ‘அக்ரிகோலா’ வினைப்பெயர். செந்நிறத்தானாகிய ‘ரூபுஸ்’, கரியானாகிய ‘நிகெர்’ என்பன பண்புகொள் பெயர். பெருமூக்கினன் எனப் பொருள்படும் ‘நாசோ’ (ஓவிட் என்னும் புலவர்க்குரியது), பெருந்தலையன் எனப் பொருள்படும் ‘கப்பித்தோ’ என்பன, உரையாசிரியர் காட்டும் ‘பெருங்காலர், பெருந்தோளர்’ போன்ற சினைநிலைப் பெயர்களோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கன. இவற்றுள் எவ்வகையது என ஆராய்ந்த பின்னரே பொருள் வினவுதல் முறை.

பொருள் விளங்கும் பெயர்களிலும் பெற்றோர் விரும்பும் பொருளே அமையும் என்பதில்லை. கிளாடியா என்பது ‘கிளவுதியுஸ்’ என்னும் குடிப்பெயரின் பெண்பால். அது நொண்டியைக் குறிக்கும் சொல்லொடு தொடர்புடையது. செசிலியா குருட்டுத் தன்மையைக் குறிக்கும் சொல்லொடு தொடர்புறுத்தப்படுவது. தொகுப்பு நூலார் இவற்றைக் கூற நாணி ‘இனிமை’ என்றோ ‘இசை’ என்றோ எழுதிவிடுகின்றனர். செசிலியா என்னும் புனிதை இசைக்குக் காவலராகப் போற்றப்படுதலின் இசை என்னும் பொருள் பின்னர் ஏற்றப்பட்டதாகும். இதில் நாணுதற்கு யாதுமில்லை. ஐயூர் முடவனாரும், பொருநராற்றுப்படை பாடிய முடத்தாமக்கண்ணியாரும் அடைமொழியோடேயே புலவர் வரிசையில் நிலைபெற்றனர். பெருந்தலைச் சாத்தனாரையும் இவ்வரிசையிற் சேர்க்கலாம், ஆயினும் பெருந்தலை என்பதனை ஊர்ப்பெயராகக் கொள்வாரும் உளர்.

பெண்டிர் நிலை வேறு. குடியரசுக் காலத்து உரோமானியப் பெண்ணுக்குத் தனிப்பெயர் பெரும்பாலும் இல்லை. யூலியுஸ் குடியிற் பிறந்தவள் யூலியா, அவ்வளவே. உடன்பிறந்தார் இருவராயின் ‘பெரியவள்’, ‘சிறியவள்’ என்றும், பலராயின் ‘மூன்றாமவள்’ என எண்ணாலும் வேறுபடுத்தினர். இன்று ஜூலியா என்பதற்கு ‘இளமையுடையாள்’ எனப் பொருள் கூறுவோர், தன் பெயரென ஒன்றைப் பெறாதிருந்த ஒரு பெண்ணின் நிலையை மறந்து கூறுகின்றனர்.

இனி, இப்பெயர்கள் தமிழில் வந்த வழி. அகுஸ்துஸ், திபேரியுஸ் என்னும் பேரரசர் பெயர் பொறித்த காசுகள் கொங்குநாட்டு மண்ணில் மிகுதியாகக் கிடைத்துள்ளன. எனினும் காசிற் கண்ட பெயரைத் தமிழர் மகவுக்கு இட்டமைக்குச் சான்றில்லை. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் கிறித்தவம் தழுவியதை ஒட்டியே, போர்த்துக்கீசியர் வாயிலாக, இவை மக்கட்பெயராயின. அவ்வாறு வந்த பெயர்கள் இரு நெறிப்பட்டன. ஒன்று ஒலிபெயர்ப்பு. ‘மார்க்குஸ்’ ஈறு கெட்டு மாற்கு என வன்றொடர்க் குற்றியலுகரமாய்த் தமிழுருப் பெற்றது. மற்றொன்று பொருள்பெயர்ப்பு. ‘பெனெதிக்துஸ்’ (ஆசி பெற்றவன்) ஆசீர்வாதப்பர் ஆனார். ‘பவுலுஸ்’ (சிறியவன்) சின்னப்பர் ஆனார்.

இவ்விரு நெறியையும் அருகருகே காட்டும் சான்று ஒன்று உண்டு. பாலைவனத் துறவியர் இருவரைத் தமிழ்க் கத்தோலிக்கர் வனத்துச் சின்னப்பர் என்றும் வனத்து அந்தோணியார் என்றும் வழங்குவர். இருவரும் ஒரே நாட்டினர், ஒரே காலத்தினர், ஒருங்கு நினைக்கப்படுவோர். எனினும் ஒருவர் பெயர் பொருளால் வந்தது, மற்றவர் பெயர் ஒலியால் வந்தது. பவுலுஸ் பண்புகொள் பெயராதலின் பெயர்க்க இயன்றது. அந்தோனியுஸ் குடிப்பெயராதலின் பெயர்த்தற்குப் பொருளே இல்லை. பெயர்த்தோர் இலத்தீன் கற்றவர் என்பதை நினைவிற்கொள்க. பொருள் விளங்கியும் ஒலியாலேயே வந்த கிளாரா (ஒளியுடையாள்) போன்ற பெயர்களும் உள்ளமையின் இதனை விதியெனக் கொள்ளாது பெரும்பான்மை வழக்கெனக் கொள்ளுதலே தகும். வீரமாமுனிவரும் (1680–1747) இந்நெறியினரே. உறுதியுடைமையைக் குறிக்கும் ‘கொன்ஸ்தான்சோ’ என்னும் தம் பெயரைத் தைரியநாதர் என ஆக்கிக்கொண்டார். தேம்பாவணியில் எபிரேயப் பெயர்களையும் வளன், கருணையன் எனப் பொருளறிந்து தமிழாக்கினார்.

1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், குழந்தைக்குக் கிறித்தவப் பெயரிடுமாறு பங்குக்குருக்களைப் பணித்தது. பெற்றோர் வேறு பெயரே வேண்டின், புனிதர் ஒருவரின் பெயரையும் சேர்த்து இரண்டையும் பதிவேட்டில் எழுதச் சொன்னது. ஒரே மனிதர்க்குப் பதிவேட்டில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயரும் அமைந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். 1983ஆம் ஆண்டுச் சட்டம் கிறித்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயரை விலக்குவதோடு அமைந்தது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம் சின்னப்பர் என்பதை விடுத்துப் பவுல் என்பதை மேற்கொண்டது. அதன்பின் சின்னப்பன் என்னும் பெயரை மகவுக்கு இடுவார் அருகினர்.

சின்னப்பன் என்னும் பெயரைக் கண்டவிடத்தெல்லாம் இலத்தீனைக் காண்டலும் தவறு. முருகபத்தராகிய சின்னப்பாத் தேவரின் பெயர்க்கும் பவுலுக்கும் தொடர்பில்லை. அது தமிழில் முன்னரே வழங்கிய பெயராதலினாலேயே பெயர்த்தோர்க்கு எளிதாய்க் கைவந்தது. ஆனால் கத்தோலிக்கக் குடியொன்றில் தந்தை சின்னப்பனாகவும் மகன் பாலாகவும் இருப்பின், ‘சி. பால்’ என்னும் கையொப்பத்தில் தலையெழுத்தும் பெயரும் ஒரே இலத்தீன் சொல்லின் இரு வடிவங்களாக நிற்கின்றன.