மான் வேட்டை பயில்வார்க்கு

வேட்டைத் தொழிலைக் கற்கத் தொடங்குதற்குப் பத்தொன்பது அகவை மிக முதிர்ந்த பருவமாம். இங்ஙனங் கூறியவர், இராசபாளையத்திற்கு மேற்கே மலையடிவாரத்து மாந்தோப்பொன்றிற் காவலிருக்கும் முதியவர். எழுபத்தைந்து அகவை கடந்தவர்; தம் ஆறாம் அகவையிலேயே தந்தையார்க்குப் பின்னே தடம் பார்த்து நடந்தவர். சென்ற கோடை விடுமுறையில் யாம் எம் நண்பர் ஒருவரோடு அவரையடைந்து, மான் வேட்டையாடும் முறையைக் கற்பிக்க வேண்டுமென்று கேட்டபோது, எம்மை ஏற இறங்கப் பார்த்து நகைத்தார். அந்நகைக்குக் காரணம் எம் அகவை மட்டுமன்று. யாம் அணிந்திருந்த வெண்சட்டையுமாம்.

வேட்டை யென்னுஞ் சொற்கேட்டு வெகுள்வார் பொருட்டு ஒன்றை முன்னரே கூறிவிடுகின்றோம். நம் நாட்டில் இன்று மான் வேட்டையாடுதல் குற்றமாம். 1972ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை அறவே ஒழித்துவிடவில்லை. புள்ளிமான், மிளா, கேழையாடு முதலியவற்றை மூன்றாம் பட்டியலில் வைத்து, உரிமம் பெற்றோர் வேட்டையாடுதற்கு வழிவிட்டிருந்தது. 1991ஆம் ஆண்டின் திருத்தமே அவ்வழியை அடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்கு மேற்கேயுள்ள மலைச்சரிவோ 1988ஆம் ஆண்டிற் சாம்பல்நிற அணிலின் பெயராற் சரணாலயமாகி, 2021ஆம் ஆண்டில் மேகமலையோடு சேர்ந்து இந்நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகமாயிற்று. சரணாலயத்துள் வேட்டையாடினார்க்கு மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. இவையனைத்தையும் அறிந்தே முதியவரிடஞ் சென்றோம். துப்பாக்கியின் விசையை இழுத்தற்கு முன்வரை ஒரு வேட்டுவன் அறிந்திருக்க வேண்டியவை யாவை என்பதே யாம் வினாவியது. அவர் சிறிதுநேரம் வாளாவிருந்து, "விசையை இழுக்க ஒரு நாள் போதும் தம்பி, மிச்சத்துக்குத்தான் காலம் வேணும்" என்றார்.

அம்மிச்சத்தைத் தடுக்குஞ் சட்டம் யாதொன்றுமில்லை. ஆயினும் அதனை அறிந்தார் இன்று ஊர்க்கு இருவர் மூவரேனும் எஞ்சியிருப்பரோ என்பது ஐயமே. முதியவரின் மைந்தருள் ஒருவர் நூற்பாலையில் வேலை பார்க்கின்றார். மற்றொருவர் சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்விக்கின்றார். இருவரும் தந்தையாரோடு ஓடைக்கு வந்தறியார்.

முதற்பாடம் காற்று. மானுக்குக் கண்ணினுஞ் செவியினும் மூக்கே பெரிய காவல். மனிதன் வாடையை அது நெடுந்தொலைவிலேயே அறிந்து விலகிவிடும். பின்னர் எத்துணை மெல்ல அடியெடுத்து வைத்தும் பயனில்லை. எனவே காற்று மானிடமிருந்து நம்மை நோக்கி வருமாறு நாம் நடத்தல் வேண்டும். இஃது எளிது போலத் தோன்றும். ஆனால் மலைநாட்டிற் காற்று ஒரு நாளிலேயே இருமுறை திசை மாறும். இரவெல்லாங் குளிர்ந்த காற்றுக் கனத்துச் சரிவின் வழியே கீழிறங்கும். வெயிலேறி நிலஞ் சூடானபின் அதுவே மேலேறும். இராசபாளையத்திற்கு மலை மேற்கே நிற்றலானும், அதன் கிழக்குச் சரிவில் இளவெயில் முதலிற் படுதலானும், இம்மாற்றம் ஈண்டுக் காலையிலேயே நிகழ்ந்துவிடுகின்றது. வைகறையில் மலையை நோக்கி நடப்பான் முகத்திற் காற்றை ஏற்று நடக்கின்றான்; வெயிலேறிய பின்னரும் அவ்வாறே நடப்பானாயின், அவன் வாடை அவனுக்கு முன்னே மலையேறி அவன் வரவைப் பறையறைந்துவிடும். ஆனி, ஆடித் திங்களில் மேல்காற்று ஓங்கி வீசுங்கால் இக்கணக்கெல்லாம் பிழைபடும். முதியவர் மடியில் ஒரு சிறு பொட்டலத்தில் அடுப்புச் சாம்பல் வைத்திருந்தார். பத்தடிக்கொருமுறை ஒரு சிட்டிகையெடுத்து விட்டுப் பார்ப்பார். இரண்டு நாட்கள் யாம் கற்றது இஃதொன்றே.

மூன்றாம் நாள் ஓடைமணலில் தடம் பார்க்கத் தொடங்கினோம். காட்டெல்லைக்குள் ஒப்புதலின்றிப் புகுதல் ஆகாதாகலின், எம் பயிற்சியெல்லாம் தோப்பினையொட்டிய வறண்ட ஓடையிலேயே நடந்தது. மழைக்காலத்தன்றி நீர் ஓடாத அம்மணல், ஒவ்வொரு காலையிலும் புதிதாக எழுதிய ஏடு போன்றிருந்தது. புள்ளிமானின் குளம்பு முன்னே கூர்த்து இருபிளவாய் இரண்டு விரற்கடையளவிற் பதியும். மிளாவினது அதனினும் ஏறக்குறைய இருமடங்கு. பன்றியின் தடத்திற் பின்குளம்பின் இருபுள்ளிகள் பெரும்பாலுந் தோன்றும். விளிம்பு கலையாது நின்றால் தடம் புதிது. அதன்மேற் சிறு வண்டுகள் ஊர்ந்த கோடுகள் இருந்தால் இரவில் நடந்தது. பிளவு விரிந்து முன்பகுதி ஆழ்ந்திருந்தால் விலங்கு ஓடியது. இத்துணையுங் கேட்டுத் தேர்ந்து விட்டோமென்று செருக்கி, ஒரு தடத்தைக் காட்டிப் "பிணைமான்" என்றோம். முதியவர், "வெள்ளாடு" என்றார். ஆட்டின் குளம்பு முனை மழுங்கியிருக்கும், மானினது கூர்ந்திருக்கும். ஏசா கொணரும் வேட்டையிறைச்சிக்குக் காத்திருந்த ஈசாக்கு ஆட்டுக்குட்டியின் கறியை உண்டு வேறுபாடறியாது ஆசீர்வதித்ததை வேதத்திற் படித்து வியந்த யாம், அன்றுமுதல் அவ்வியப்பை விடுத்தோம். அவர்க்குக் கண் மங்கியிருந்தது என்றேனுங் கூறலாம், எமக்கு அதுவுமில்லை.

இவ்விடத்தில் ஒன்று கூறாதிருத்தல் இயலாது. தொல்காப்பிய மரபியலில், கடமையின் இளமைப்பெயர் கன்றென்றும், நவ்வி, உழை, புல்வாய் என்பவற்றினது மறியென்றும், இவை மூன்றன் பெண் பிணையென்றும் வகுத்திருப்பதைத் தேர்வுக்காக நெட்டுருச் செய்தோமேயன்றி, ஏன் இவ்வாறு பிரித்தார் என்று ஒருநாளேனும் எண்ணியதில்லை. கடமையென்பது மிளாவே என்பார் உளர். ஓடையோரத்தில் மிளாவின் தடத்தருகே எம் கையை வைத்துப் பார்த்தபோது, ஆட்டுமறி போன்ற சிறு மானினத்தோடு இதனை ஒன்றாக வைக்க யாருக்குத்தான் மனம் வரும் என்று தோன்றிற்று. தடம் பார்த்தறிந்தார் வழங்கிய பெயர்களையே ஆசிரியர் தொகுத்தாராதல் வேண்டுமென்பது எம் கருத்து. அம்மரபு இன்றும் அறவே மாய்ந்திலது. மலையடிவாரத்து மக்கள் மிளா, கேழை, சருகுமான் என்று வேறுபிரித்தே வழங்குகின்றனர். நகரத்தார்க்கோ எல்லாம் மானே.

அடுத்த பாடம் அசையாதிருத்தல். மானின் கண்கள் தலையின் இருமருங்கினும் அமைந்தமையால் அது தன்னைச் சுற்றிலும் பெரும்பகுதியைக் காணும். நிற்கும் பொருளை எளிதில் இனங்காணாது. அசைவை மட்டுந் தப்பாது பிடிக்கும். செந்நிறத்தை அது நம்மைப்போல் அறியாது. அமெரிக்க நாட்டில் வேட்டையாடுவோர் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சட் சட்டையணிவது இதனாலேதான். பிற வேட்டைக்காரர்க்குத் தோன்றுவர், மானுக்குத் தோன்றார். அங்கே முதிர்ந்த அகவையிற் புதிதாக வேட்டை பயில்வோர் பலர். செருமனியிலோ எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, குறிபார்த்துச் சுடுந்தேர்வு மூன்றினுந் தேறினாலன்றி உரிமம் கிடையாது. ஓநாய் முதலிய ஊனுண்ணும் விலங்குகள் அந்நாடுகளிற் பெரும்பாலும் அருகிப்போகவே மான்கள் பெருகின. அமெரிக்காவின் வெண்வால் மான்கள் இன்று மூன்று கோடியளவின என மதிப்பிடுவர். நம் மலையிலோ சிறுத்தையும் செந்நாயும் புலியும் அத்தொழிலை இன்னும் கைவிட்டில. அவற்றின் உணவிற் பங்கு கேட்க நமக்கு உரிமையில்லை யென்பதே சட்டத்தின் உட்கிடை.

இராசபாளையமென்றதும் வெளியூரார்க்கு நினைவு வருவது நாய். நெடுங்காலும் ஒடுங்கிய இடையும் வெண்ணிற மேனியுமுடைய அவ்வினத்திற்கு 2005ஆம் ஆண்டில் அஞ்சல்தலையும் வெளியிட்டனர். அது மோப்பத்தினும் கண்ணையே நம்பித் துரத்தும் வகையினது; பன்றி வேட்டைக்குப் பெயர்போனது. தடம் பயில்வானுக்கு அதனால் உதவியில்லையென்று முதியவர் அதனைப் பற்றி மேலும் பேச விரும்பினாரில்லை.

அவர் பேச விரும்பாத மற்றொன்றை நான்காம் நாள் மாலை தாமே பேசினார். 1969ஆம் ஆண்டு மாசித் திங்களில், அவர்க்கும் அப்போது பத்தொன்பதே அகவை, பொழுது சாயும் நேரத்தில் ஒரு மிளாவைச் சுட்டார். குண்டு பட்டது, விலங்கு விழவில்லை. பட்டவுடனே பின்தொடர்தல் கூடாதென்று தந்தையார் கற்பித்திருந்தார். என்னை? விடாது துரத்தப்படும் விலங்கு எஞ்சிய வலியெல்லாந் திரட்டி நெடுந்தூரம் ஓடிவிடும். விட்டுவிட்டால் அருகிலேயே படுத்துவிடும். அரைமணியேனும் அமர்ந்திருந்து, பின் குருதியைப் பார்த்தல் வேண்டும். நுரைத்த இளஞ்சிவப்பாயின் நுரையீரலிற் பட்டது, தொலைவிற் கிடவாது, கருஞ்சிவப்பாயின் ஈரல், பசுமை கலந்திருந்தாற் குடல், பலமணி நேரம் காத்தல் வேண்டும். இளைஞராயிருந்த அவர்க்குப் பொறுமையில்லை. உடனே ஓடினார். இருட்டிவிட்டது. மறுநாளும் அதற்கு மறுநாளும் தேடினர், மிளா கிடைக்கவில்லை. அதன்பின் தந்தையார் துப்பாக்கியை அவர் கையிற் கொடுக்கவேயில்லையாம். "எங்க போய்க் கிடந்து செத்துச்சோ" என்று சொல்லி மலையை நோக்கினார். ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாயின.

அகப்பொருட் கோவைகளிற் 'கலைமான் வினாதல்' என்றொரு துறையுண்டு. திருக்கோவையார் பயின்றார் அறிவர். தினைப்புனத்திற்கு வந்த தலைவன், தன் அம்பு பட்ட கலைமான் இவ்வழி வந்ததுண்டோ என்று தோழியை வினவுவான். அது புனைந்து வினவியதென்றும், உரையாடற்கு ஓர் ஏதுவென்றும் பாடங் கேட்டோம். ஏது வேண்டுமாயின் வேறெத்தனையோ உளவே, இதனை ஏன் தேர்ந்தான் என்னும் ஐயம் எமக்கு முன்பே யிருந்தது. புண்பட்ட விலங்கைத் தேடி வருவான் எவ்வூர்ப் புனத்துட் புகுந்தாலும் ஐயுறப்படான் போலும். தேடாது விட்டவனே வேட்டுவர் நடுவிற் பழியுடையவன். செருமனியிற் புண்பட்ட விலங்கைத் தேடுதற்கென்றே நாய்களைப் பழக்கி வைத்திருக்கின்றனர்.

துப்பாக்கியின்றி இக்கல்வியால் யாது பயன் என்று எம் விடுதியில் வினவினார் உளர். நான்காண்டுக்கொருமுறை நாடெங்கும் நடைபெறும் புலிக் கணக்கெடுப்பில், காட்டில் நடந்து தடமும் எச்சமும் பார்த்துக் குறிப்பார் தொழில் இதுவே. மாதவையாவின் மைந்தராகிய மா. கிருஷ்ணன் (1912–1996) படக்கருவியேந்திக் காட்டு விலங்குகளை அணுகியதும் இக்கல்வியாலேயாம். எனினும் யாம் அப்பயன் கருதிச் செல்லவில்லை யென்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

ஐந்தாம் நாள் வைகறையில், மண்ணிறச் சட்டையணிந்து ஓடைக்கரை மாமரத்திற் சாய்ந்தமர்ந்தோம். சாம்பல் எம் முகத்தை நோக்கி மிதந்து வந்தது. முதியவர் சற்றுப் பின்னே யிருந்தார். ஒருமணி நேரம் கொசுக்கடியன்றி ஒன்றுமில்லை. பின்னர், வந்த வழியே தெரியாமல், எதிர்க்கரையில் ஒரு புள்ளிமான் நின்றது. அதன் பின்னே சிறிய தொன்று. இருபதடி யிருக்கும். ஒவ்வோரடியாக மணலில் இறங்கின. தாய் தலைதாழ்த்தி எம் முன்னாள் அடிச்சுவட்டை முகர்ந்தது. அப்போது எம் நண்பர், தமிழ் மாணாக்கரல்லரோ, எம் செவியில் "மறி" என்று மெல்லக் கூறினார்.

முன்காலால் நிலத்தை ஓங்கி மிதித்தது ஒருமுறை, கீச்சென்று ஓர் ஒலி, ஓடை வெறிதாயிற்று. "மூச்சு விடுறதே சத்தம், இதுல பேச்சு வேறயா தம்பி" என்று கூறி முதியவர் எழுந்தார். அவர்க்குச் சினமில்லை. மணலிற் குந்தியமர்ந்து விரலால் அளந்து, எம்மை அழைத்துக் காட்டினார். பெரியதன் பிளவு விரிந்து ஆழ்ந்திருந்தது. சிறியதன் தடம் தாயின் தடத்தின்மேலேயே பதிந்து, மலைப்பக்கம் திரும்பியிருந்தது.